ஆஸ்திரேலியா 189, 190 விசா: எந்தெந்த க்யூல எவ்ளோ நாள் நிக்கணும், எந்த பேப்பரை எப்போ எடுக்கணும்

189, 190 ரெண்டும் வேலைத் திறமையை வெச்சு ஆஸ்திரேலியால நிரந்தரமா தங்க (பிஆர்) தர்ற விசா, 190-க்கு ஒரு ஸ்டேட்டும் (மாநிலம்) பரிந்துரைக்கணும். நான் கோயம்புத்தூர், மெக்கானிக்கல் இன்ஜினியர். மனைவி, ஒரு பொண்ணு. 2023 பிப்ரவரில ஸ்கில் அசெஸ்மென்ட்டுக்கு பேப்பர் சேர்க்க ஆரம்பிச்சேன், 190 விசா கிராண்ட் மெயில் (விசா கிடைச்சாச்சுன்னு சொல்றது) வந்தது 2025 அக்டோபர்ல. ரெண்டு வருஷம் எட்டு மாசம். இதுல பாதிக்கு மேல யாராலயும் எதுவும் பண்ண முடியாத காத்திருப்பு தான், ஆனா மீதியில சில மாசமும் கணிசமான பணமும் எனக்கு விவரம் தெரியாததால மட்டுமே போச்சு, அது உங்களுக்கு போகக்கூடாதுன்னு தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. வெளிய எல்லாரும் "பிஆர் க்யூ"ன்னு ஒரே க்யூ மாதிரி பேசுவாங்க, உண்மையில நாலு க்யூ இருக்கு: ஸ்கில் அசெஸ்மென்ட் (நம்ம படிப்பையும் அனுபவத்தையும் அங்கத்த அமைப்பு சரிபாக்கறது), ஈஓஐ இன்விடேஷன் (வயசு, படிப்பு, இங்கிலீஷ் மாதிரி விஷயங்களுக்கு பாயின்ட் போட்டு விருப்பத்தை பதிஞ்சு, விசாவுக்கு அப்ளை பண்ண அழைப்பு வர காத்திருக்கறது), ஸ்டேட் நாமினேஷன், கடைசியா பணம் கட்டி லாட்ஜ் பண்ணினப்புறம் (விசா அப்ளிகேஷன் போட்டப்புறம்) விசா டிசிஷன். ஒண்ணுல முன்னாடி போயிட்டா அடுத்ததுலயும் முன்னாடி நிப்போம்னு இல்ல, ஒவ்வொண்ணும் தனி. அதே சமயம் நம்ம கையில இருக்கற இங்கிலீஷ் மார்க், அசெஸ்மென்ட் லெட்டர், பிசிசி (போலீஸ் தர்ற நன்னடத்தை சான்று), மெடிக்கல் எல்லாத்துக்கும் ஒரு எக்ஸ்பைரி தேதி ஓடிட்டே இருக்கும். க்யூ நகர்றதுக்குள்ள பேப்பர் செத்துப்போகாம பாத்துக்கறது தான் இங்க முழு வேலையே.

1. ஸ்கில் அசெஸ்மென்ட்: இங்க அவசரம் நல்லது

ஐடி ஆளுங்களுக்கு ஏசிஎஸ், இன்ஜினியர்களுக்கு இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா, மத்த நிறைய தொழிலுக்கு வெட்டாசஸ். உங்க ஆக்குபேஷன் கோடுக்கு எது அத்தாரிட்டின்னு ஹோம் அஃபேர்ஸ் (விசா தர்ற ஆஸ்திரேலிய அரசுத் துறை, கீழ "டிபார்ட்மென்ட்"னு சொல்றதும் இதைத்தான்) லிஸ்ட்ல பாத்துட்டு தான் பணம் கட்டணும்.

இன்ஜினியர்களுக்கு ஒரு விஷயம். இந்தியா 2014-லேர்ந்து வாஷிங்டன் அக்கார்ட்ல (ஒரு நாட்டு இன்ஜினியரிங் டிகிரியை இன்னொரு நாடு ஏத்துக்கற ஒப்பந்தம்) இருக்கு, ஆனா என்பிஏ (இந்தியால இன்ஜினியரிங் கோர்ஸ்களுக்கு அங்கீகாரம் தர்ற அமைப்பு) டயர்-1 அங்கீகாரம் இருக்கற கோர்ஸ் படிச்சவங்களுக்கு தான் அந்த சுலபமான வழி. என்னை மாதிரி சாதாரண அஃபிலியேட்டட் காலேஜ்ல படிச்சவங்க சிடிஆர் எழுதணும், அதாவது மூணு கேரியர் எபிசோட், ஒரு சம்மரி ஸ்டேட்மென்ட், அப்புறம் நீங்க தொடர்ந்து கத்துக்கிட்டதோட லிஸ்ட். இதை காசு வாங்கிட்டு எழுதித் தர்ற ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க, காப்பின்னு கண்டுபிடிச்சா ரிஜெக்ட் மட்டும் இல்ல, திரும்ப அப்ளை பண்ணவே தடை போட்டுடுவாங்க. நீங்க செஞ்ச வேலையை "நான் இதை டிசைன் பண்ணேன், நான் இதை கணக்கு போட்டேன்"னு நீங்களே எழுதினா போதும், பெரிய இங்கிலீஷ் தேவையில்ல.

எக்ஸ்பீரியன்ஸையும் சேர்த்து அசெஸ் பண்ணச் சொன்னதுல எனக்கு மொத்தம் ஆயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல ஆச்சு. அந்தப் பணத்தை மிச்சம் பண்ணாதீங்க, ஏன்னா பின்னாடி கேஸ் ஆஃபீசர் உங்க அனுபவத்தை எண்ணும்போது அந்த லெட்டர் தான் பெரிய பலம்.

வேலைக்கு ப்ரூஃப் எடுக்கறது தான் நம்ம ஊர்ல கஷ்டமான இடம். பெரிய கம்பெனின்னா பேஸ்லிப், ஃபார்ம் 16, 26ஏஎஸ், பிஎஃப் பாஸ்புக், ரிலீவிங் லெட்டர் எல்லாம் வரிசையா இருக்கும். நான் முதல் ரெண்டு வருஷம் கணபதி பக்கம் ஒரு சின்ன பம்ப் கம்பெனில இருந்தேன், பட்டறையை விட கொஞ்சம் பெருசு அவ்ளோதான், சம்பளம் பாதி பேங்க்ல பாதி கவர்ல. கவர்ல வாங்கினதுக்கு உலகத்துல எந்த ப்ரூஃபும் கிடையாது. பேங்க்ல வந்த பகுதி, பிஎஃப் கணக்கு, அங்க கூட வேலை பாத்த சீனியர்கிட்ட வாங்கின சத்தியப் பிரமாணம் மூணையும் வெச்சு தான் அந்த ரெண்டு வருஷத்தை காப்பாத்தினேன். உங்க பிஎஃப் பாஸ்புக்கை இன்னைக்கே டவுன்லோட் பண்ணிப் பாருங்க, பழைய கம்பெனி சேர்ந்த தேதி, விட்ட தேதி தப்பா இருந்தா அதை சரி பண்ணவே மாசக்கணக்குல ஆகும். ஹெச்ஆர்கிட்ட வாங்கற ரெஃபரன்ஸ் லெட்டர்ல நீங்க என்ன வேலை செஞ்சீங்கன்னு பாயின்ட் பாயின்ட்டா இருக்கணும், "இவர் நல்லவர், உழைப்பாளி"ன்னு வர்ற லெட்டர் எதுக்கும் உதவாது.

அசெஸ்மென்ட் லெட்டருக்கு டிபார்ட்மென்ட் கணக்குல மூணு வருஷம் ஆயுசு, லெட்டர்லயே அதைவிட கம்மியா தேதி போட்டிருந்தா அந்தத் தேதி தான்.

2. இங்கிலீஷ், நாட்டி சிசிஎல்: ஈஓஐ போடறதுக்கு முன்னாடியே முடிங்க

பிடிஇ, ஐஈஎல்டிஎஸ் எதுவானாலும் மூணு வருஷம் செல்லும், இன்வைட் வர்ற அன்னைக்கு உயிரோட இருக்கணும். 2025 ஆகஸ்ட் 7-லேர்ந்து எழுதற டெஸ்ட்டுக்கு மார்க் கணக்கு மாறிடுச்சு, அதனால பிடிஇல "நாலு பகுதியிலயும் 79"ங்கற பழைய கதையை நம்பி படிக்காம புது டேபிளை பாருங்க. ப்ரொஃபிஷியன்ட் லெவலுக்கு 10 பாயின்ட், சுப்பீரியருக்கு 20. அந்த 10 பாயின்ட் வித்தியாசம் ஒரு வருஷ காத்திருப்பை மிச்சம் பண்ணலாம்.

நம்மளுக்குன்னே ஒரு அஞ்சு பாயின்ட் இருக்கு, நிறைய பேருக்கு தெரியல. நாட்டிங்கற ஆஸ்திரேலிய மொழிபெயர்ப்பு அமைப்பு நடத்தற சிசிஎல் டெஸ்ட் தமிழ்லயும் நடக்குது. ஆன்லைன், ரெண்டு உரையாடல், இங்கிலீஷ்ல ஒருத்தர் தமிழ்ல ஒருத்தர், நீங்க நடுவுல நின்னு மாத்தி மாத்தி சொல்லணும். 90-க்கு 63 எடுத்தா பாஸ், ஆனா ஒவ்வொரு உரையாடல்லயும் 45-க்கு 29-ஆவது வேணும். தமிழ் நம்ம தாய்மொழி தானேன்னு ப்ராக்டிஸ் இல்லாம போகாதீங்க. நாம வீட்ல பேசற தமிழ்ல பாதி இங்கிலீஷ், டெஸ்ட்ல "வாடகை முன்பணம்", "அடமானக் கடன்", "குடும்ப வன்முறை தடுப்பு ஆணை" மாதிரி வார்த்தை சட்டுனு வாய்ல வரணும். நானும் மனைவியும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒருத்தர் டாக்டர், ஒருத்தர் நோயாளின்னு ஆறு வாரம் பேசிப் பாத்தோம், முதல் தடவையே வந்துடுச்சு.

3. பேரு: தமிழ்நாட்டு பாஸ்போர்ட்டுக்குன்னே இருக்கற சிக்கல்

இதுக்கு தனியா ஒரு தலைப்பு வெச்சதுக்கு காரணம் இருக்கு. நம்மள்ல நிறைய பேர் பாஸ்போர்ட்ல சர்நேம் இடம் காலியா இருக்கும், இல்ல அப்பா பேரு சர்நேமா இருக்கும், டென்த் மார்க்ஷீட்ல இனிஷியல் முன்னாடி, டிகிரில இனிஷியல் பின்னாடி, பேன் கார்டுல அப்பா பேரு முழுசா. எனக்கு பாஸ்போர்ட்ல சர்நேம் கிடையாது. பிடிஇ புக் பண்ணும்போது ஒரு மாதிரியும் ஈஓஐல ஒரு மாதிரியும் போட்டுட்டேன், சிஸ்டம்ல ஸ்கோர் மேட்ச் ஆகாம அதுக்கு மெயில் அனுப்பி சரி பண்ண மூணு வாரம் ஓடிப்போச்சு.

டெஸ்ட் புக்கிங், அசெஸ்மென்ட், ஈஓஐ, ஸ்டேட், விசா, எல்லா இடத்துலயும் பாஸ்போர்ட்ல இருக்கறபடி ஒரே மாதிரி போடுங்க. மத்த சர்டிபிகேட்ல வேற மாதிரி இருக்கறதுக்கு "ரெண்டும் ஒரே ஆள் தான்"னு நோட்டரி அஃபிடவிட் ஒண்ணு எடுத்து வெச்சுக்கங்க, விசா ஃபார்ம்ல "வேற பேருல அறியப்பட்டிருக்கீங்களா"ன்னு கேட்கற இடத்துல எல்லா வடிவத்தையும் மறைக்காம எழுதுங்க. சர்நேம் சேர்த்து பாஸ்போர்ட்டை மாத்தறதா இருந்தா அதை எல்லாத்துக்கும் முன்னாடி, முதல் வேலையா செய்ங்க, நடுவுல மாத்தினா ஒவ்வொரு க்யூலயும் போய் அப்டேட் பண்ணணும்.

அதே மாதிரி பிறப்புச் சான்றிதழ். என் மனைவியோடதுல "பெண் குழந்தை"ன்னு மட்டும் இருந்துச்சு, பேரே இல்ல. நகராட்சில பேரு சேர்க்க அவங்க அப்பா அம்மா கையெழுத்து, ஸ்கூல் டிசி எல்லாம் வேணும்னாங்க, நாலு தடவை அலைஞ்சோம். இதெல்லாம் ஈஓஐ க்யூல சும்மா காத்திருக்கற காலத்துல முடிச்சிடுங்க. கல்யாணத்தை ரிஜிஸ்டர் பண்ணலைன்னா அதுவும்.

4. ஈஓஐ: பாயின்ட்டும் தேதியும்

ஸ்கில்செலக்ட்ங்கற ஹோம் அஃபேர்ஸ் வெப்சைட்ல ஈஓஐ போட காசு கிடையாது, ரெண்டு வருஷம் இருக்கும். குறைஞ்சது 65 பாயின்ட்ன்னு சொல்வாங்க, அது உள்ள நுழையற கதவு மட்டும் தான், உண்மையில இன்வைட் ஆகறது அதைவிட ரொம்ப மேல. எனக்கு வயசுக்கு 25, டிகிரிக்கு 15, இங்கிலீஷ் 20, எட்டு வருஷ அனுபவம் 15, சிசிஎல் 5, மனைவி இங்கிலீஷுக்கு 5, ஆக 85. ஸ்டேட் நாமினேஷன் 5 சேர்ந்து 90.

ரெண்டு பேருக்கு ஒரே பாயின்ட் இருந்தா யாரு முதல்ல அந்த பாயின்ட்டை தொட்டாங்களோ அவங்களுக்கு தான் முன்னுரிமை. அதனால பிடிஇ மார்க் ஏறினா அந்த ஏறின தேதி தான் உங்க புது தேதி, முன்னாடியே ஈஓஐ போட்டிருந்தேன்னு சொல்லி பிரயோஜனம் இல்ல.

இங்க நாலு பொறி இருக்கு, நல்லா கவனிங்க.

வயசு. 33 பிறந்தநாள் அன்னைக்கு 30 பாயின்ட் 25 ஆகும், 40-ல 25 வந்து 15 ஆகும், 45 ஆனா கதவு மூடிடும். இன்வைட் வர்ற நாள்ல இருக்கற வயசு தான் கணக்கு, அதுக்கப்புறம் எவ்ளோ காத்திருந்தாலும் குறையாது.

வேலை முடிஞ்ச தேதி. இப்போ இருக்கற வேலைக்கு முடிவு தேதியை காலியா விட்டா வருஷம் ஏற ஏற பாயின்ட்டை சிஸ்டமே ஏத்திடும். நீங்க வேலையை விட்டுட்டு அதை அப்டேட் பண்ணாம இருந்தா இல்லாத பாயின்ட்டுக்கு இன்வைட் வந்துடும், அதை வெச்சு லாட்ஜ் பண்ணினா ரிஜெக்ட், கட்டின பணமும் போச்சு. அசெஸ்மென்ட் லெட்டர்ல அவங்க ஒத்துக்கிட்ட காலத்தை மட்டும் "சம்பந்தப்பட்ட வேலை"ன்னு டிக் பண்ணுங்க.

ஒரே ஈஓஐல எல்லாத்தையும் போடாதீங்க. 189-க்கு ஒண்ணு, 190-க்கு ஒரு ஸ்டேட்டுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா போடுங்க. ஒரு ஈஓஐக்கு இன்வைட் வந்துட்டா அது அப்படியே ஃப்ரீஸ் ஆயிடும். ரெண்டு தடவை இன்வைட் வந்து நீங்க லாட்ஜ் பண்ணலைன்னா ஈஓஐயே சிஸ்டத்துலேர்ந்து போயிடும்.

491-ஐ (ரீஜனல் ஏரியாவுக்கான விசா) பிஆர்னு நினைச்சு எடுக்கறது. 15 பாயின்ட் கிடைக்கும், உண்மை தான், ஆனா அது அஞ்சு வருஷ ப்ரொவிஷனல் விசா, சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த ஏரியால மூணு வருஷம் இருந்து வரி கட்டின கணக்கு காட்டினப்புறம் தான் 191-க்கு (அது தான் பிஆர்) போகலாம். தெரிஞ்சு எடுத்தா நல்ல வழி தான், வீட்ல எல்லார்கிட்டயும் பேசிட்டு எடுங்க.

5. ஸ்டேட் நாமினேஷன்: ஜூலைலேர்ந்து ஜூன் வரைக்கும் தான் அவங்களுக்கு வருஷம்

ஒவ்வொரு வருஷமும் ஜூலை 1-ஆம் தேதி புது கோட்டா. 2024-25-க்கு மொத்தம் 1,85,000 இடம், அதுல 189-க்கு 16,900, ஸ்டேட் நாமினேஷனுக்கு 33,000, ரீஜனலுக்கு 33,000. இந்த எண்ணிக்கைல மனைவி, புள்ளைங்களும் சேர்த்தி, அதனால உண்மையில எத்தனை குடும்பத்துக்கு இடம்னு நீங்களே கணக்கு போட்டுக்கலாம். கோட்டா முடிய முடிய ஏப்ரல், மே, ஜூன்ல எல்லாம் மந்தமாகும், அந்த மாசங்கள்ல மெயில் வரலைன்னு தூக்கத்தை கெடுத்துக்காதீங்க.

நான் விக்டோரியாவுக்கு போட்டேன். அங்க ஈஓஐ மட்டும் பத்தாது, தனியா ஆர்வப் பதிவும் போடணும், அவங்க செலக்ட் பண்ணினா தான் நாமினேஷனுக்கே அப்ளை பண்ண முடியும். 2023 ஜூலைல போட்டு 2024 மார்ச்ல செலக்ட் ஆனேன், மே நடுவுல இன்வைட் வந்துச்சு.

6. லாட்ஜ்: 60 நாளும், ஜூலை 1-ஆம் தேதியும்

இன்வைட் வந்ததிலேர்ந்து 60 நாள், ஒரு நாள் கூட எக்ஸ்ட்ரா கிடைக்காது. நான் பண்ணின தப்பு இங்க தான். எல்லா பேப்பரும் கைக்கு வரட்டும்னு காத்திருந்து ஜூலை 4-ஆம் தேதி லாட்ஜ் பண்ணேன். ஜூலை 1-ல ஃபீஸ் ஏறும்னு தெரியாது. ஜூன்ல கட்டியிருந்தா எனக்கு 4,640, மனைவிக்கு 2,320, பொண்ணுக்கு 1,160, ஆக 8,120 டாலர். ஜூலைல 4,765, 2,385, 1,195, ஆக 8,345. நாலு நாளுக்கு 225 டாலர். 2025 ஜூலைல அது இன்னும் ஏறி மெயின் அப்ளிகன்ட்டுக்கு 4,910 ஆச்சு. லாட்ஜ் பண்ண எல்லா பேப்பரும் தேவையில்ல, பணம் கட்டினப்புறமும் டாக்குமென்ட் ஏத்தலாம், நீங்க க்ளெய்ம் பண்ற பாயின்ட் உண்மையா இருந்தா போதும்.

பணம் கட்ட கிரெடிட் கார்டு லிமிட்டை முன்னாடியே பேங்க்ல பேசி ஏத்தி வைங்க, இன்டர்நேஷனல் ட்ரான்ஸாக்‌ஷன் ஆன் ஆகியிருக்கான்னு பாருங்க. கார்டு சர்சார்ஜ், பேங்க்கோட ஃபாரெக்ஸ் மார்க்அப் ரெண்டும் மேல வரும், எனக்கு அதுலயே இருபதாயிரம் ரூபாய் தாண்டி போச்சு. ஆஸ்திரேலியால நம்பிக்கையான சொந்தக்காரங்க இருந்தா அவங்க பேங்க்லேர்ந்து பிபே (அங்கத்த பில் கட்டற வசதி) மூலமா கட்டச் சொல்லலாம்.

மனைவியோ கணவரோ இங்கிலீஷ் டெஸ்ட் எழுதலைன்னா காலேஜ்லேர்ந்து "இங்கிலீஷ் மீடியம்"னு லெட்டர் கண்டிப்பா வாங்குங்க. அது இல்லைன்னா ரெண்டாவது தவணைன்னு 4,890 டாலர் தனியா கட்டச் சொல்வாங்க. ஒரு லெட்டருக்கு அவ்ளோ மதிப்பு.

ஃபார்ம் 80 கேட்கறதுக்கு முன்னாடியே போட்டு ஏத்திடுங்க. பத்து வருஷ அட்ரஸ், பத்து வருஷ வெளிநாட்டுப் பயணம், வேலை, படிப்பு, ஒரு மாசம் கூட இடைவெளி இல்லாம வரணும், வேலை இல்லாம வீட்ல இருந்த மூணு மாசத்தையும் "வேலை தேடிட்டு இருந்தேன்"னு எழுதணும். ஸ்கேன் எல்லாம் கலர்ல, ஒரு ஃபைல் 5 எம்பிக்குள்ள, ஒரு கம்பெனியோட எல்லா பேப்பரும் ஒரே பிடிஎஃப்பா சேர்த்து.

ஏஜென்ட் மூலமா போனீங்கன்னா டிஆர்என் நம்பரை (அப்ளிகேஷனோட அடையாள எண்) வாங்கி உங்க சொந்த இம்மிஅக்கவுன்ட்ல (ஹோம் அஃபேர்ஸோட ஆன்லைன் கணக்கு) அப்ளிகேஷனை இம்போர்ட் பண்ணிக்கங்க. எனக்கு ஆரம்பத்துல இருந்த ஏஜென்ட் நான் சிங்கப்பூர்ல இருந்த காலத்தை ஈஓஐல தப்பான தேதியோட போட்டிருந்தாரு, நானே உள்ள போய் பாக்கலைன்னா தெரிஞ்சிருக்காது.

7. பிசிசி, மெடிக்கல்: இதுல தான் டைமிங்

ரெண்டும் 12 மாசம் தான் செல்லும். நான் ஆர்வக்கோளாறுல லாட்ஜ் பண்ணின அதே மாசம் சென்னைல மெடிக்கல் எடுத்துட்டேன், மூணு பேருக்கும். 2025 ஜூலைல எக்ஸ்பையர் ஆச்சு, ஆகஸ்ட்ல திரும்ப எடுக்கச் சொல்லி மெயில், திரும்ப ரயில், ரூம், ஃபீஸ். பொண்ணு திரும்ப ஊசியான்னு அழுதா.

இன்னொரு விஷயம், கிராண்ட் லெட்டர்ல முதல் தடவை உள்ள நுழைய வேண்டிய கடைசி தேதின்னு ஒண்ணு இருக்கும், அதை பொதுவா உங்க பிசிசி, மெடிக்கல் இதுல எது பழசோ அதுலேர்ந்து ஒரு வருஷம்னு வெக்கறாங்க. மெடிக்கல் எடுத்து பத்து மாசம் கழிச்சு கிராண்ட் வந்தா உங்களுக்கு ரெண்டு மாசம் தான் டைம்.

அப்போ எப்போ எடுக்கறது? உங்க சப்கிளாஸுக்கு (189, 190 மாதிரி விசா வகை) ஹோம் அஃபேர்ஸ் காட்டற ப்ராசஸிங் டைமை பாருங்க. பாதி பேருக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆகுதுன்னா அவசரப்படாதீங்க, கொஞ்சம் தள்ளி எடுங்க. அஞ்சாறு மாசத்துல முடியுதுன்னா லாட்ஜ் பண்ணின உடனே எடுங்க, கேட்காமலே எல்லாம் ரெடியா இருந்தா தான் டைரக்ட் கிராண்ட் வரும். மெடிக்கல் டிபார்ட்மென்ட் லிஸ்ட்ல இருக்கற க்ளினிக்ல மட்டும் தான், இம்மிஅக்கவுன்ட்ல வர்ற ஹெச்ஏபி ஐடியோட (மெடிக்கலுக்கான அடையாள எண்). மனைவி கர்ப்பமா இருந்தா எக்ஸ்ரே எடுக்காம தள்ளி வெக்கலாம், ஆனா அதுவரைக்கும் ஃபைல் நகராது.

இந்தியா பிசிசி பாஸ்போர்ட் சேவா மூலமா, 500 ரூபாய். பாஸ்போர்ட்ல இருக்கற அட்ரஸும் இப்போ இருக்கற அட்ரஸும் வேறன்னா போலீஸ் வெரிஃபிகேஷன் வரும், அதுக்கு டைம் விடுங்க. கடைசி பத்து வருஷத்துல 12 மாசமோ அதுக்கு மேலயோ இருந்த ஒவ்வொரு நாட்டுலேர்ந்தும் பிசிசி வேணும். சிங்கப்பூர், கல்ஃப்ல இருந்தவங்க இதுக்கு தனியா ஒரு மாசமாவது ஒதுக்குங்க.

8. காத்திருக்கும்போது

ஸ்டேட்டஸ் "ரிசீவ்ட்"ன்னே மாசக்கணக்குல இருக்கும். எனக்கு பதிமூணு மாசம் ஒரு எழுத்து கூட மாறல. என் சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி நர்ஸ், எனக்கு நாலு மாசம் பின்னாடி லாட்ஜ் பண்ணி எனக்கு முன்னாடியே கிராண்ட் வாங்கிட்டா. அதுல அநியாயம் எதுவும் இல்ல. எந்த ஃபைலை முதல்ல பாக்கணும்னு மினிஸ்டர் போடற உத்தரவு ஒண்ணு இருக்கு; 2023 செப்டம்பர்ல வந்த 105-ஆம் நம்பர் மினிஸ்டீரியல் டைரக்‌ஷன்படி அப்போ ரீஜனல் ஏரியா வேலைகளும், ஹெல்த்கேர், டீச்சிங் வேலைகளும் முன்னாடி இருந்துச்சு, என்னை மாதிரி ஆளுங்க அதுக்குப் பின்னாடி இருந்தோம். நீங்க லாட்ஜ் பண்ணும்போது எந்த டைரக்‌ஷன் நடைமுறைல இருக்கு, உங்க தொழில் அதுல எத்தனாவதுன்னு பாத்தா காத்திருப்பு ஓரளவுக்கு பிடிபடும். ப்ராசஸிங் டைம்ல 50 சதவீதம் பேருக்கு இவ்ளோ, 90 சதவீதம் பேருக்கு இவ்ளோன்னு போட்டிருப்பாங்க, வீட்ல சொல்றதுக்கு அந்த 90-ஐ எடுத்துக்கங்க. அந்த காலத்துக்குள்ள மெயில் போட்டு கேட்டா ஒரே மாதிரி பதில் தான் வரும்.

சிஓ காண்டாக்ட் (கேஸ் ஆஃபீசர் விவரமோ பேப்பரோ கேட்டு அனுப்பற மெயில்) வந்தா 28 நாள்ல பதில் தரணும். டெய்லி மெயில் பாருங்க, ஸ்பேமும் சேர்த்து. ஹெச்ஆருக்கு, பழைய மேனேஜருக்கு வெரிஃபிகேஷன் கால் வரலாம், முன்னாடியே சொல்லி வைங்க.

பாஸ்போர்ட் மாறினா, வீடு மாறினா, வேலை மாறினா உடனே இம்மிஅக்கவுன்ட்ல அப்டேட் பண்ணுங்க. குழந்தை பிறந்தா அன்னைக்கே சொல்லுங்க, கிராண்டுக்கு முன்னாடி பிறந்த குழந்தையை அதே அப்ளிகேஷன்ல சேர்க்கலாம், சேர்க்காம கிராண்ட் வந்துட்டா குழந்தைக்கு தனியா சைல்ட் விசா, அது பணமும் காலமும் வேற கணக்கு. வேலையை ரிசைன் பண்ணாதீங்க, வீட்டை விக்காதீங்க, ஸ்கூல் டிசி வாங்காதீங்க, கிராண்ட் லெட்டர் கையில வர்ற வரைக்கும்.

9. கிராண்ட் மெயில் வந்த அன்னைக்கு

காலைல ஏழு மணிக்கு பால் காய்ச்சிட்டு இருக்கும்போது வந்துச்சு, மூணு பேருக்கும் சேர்த்து ஒரே மெயில். சந்தோஷத்துல எல்லாருக்கும் ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி உக்காந்து ஒவ்வொரு லெட்டர்லயும் பேரு, பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர் எழுத்து எழுத்தா சரி பாருங்க. என் பொண்ணோட பாஸ்போர்ட் நம்பர்ல பழசு இருந்துச்சு, உடனே அப்டேட் போட்டு பத்து நாள்ல விவோல (விசா விவரத்தை ஆன்லைன்ல சரிபாக்கற இடம்) சரியாச்சு. ஏர்போர்ட்ல செக்-இன் கவுன்ட்டர்ல அவங்க பாக்கறது பாஸ்போர்ட் நம்பரை வெச்சு தான். அப்புறம் முதல் நுழைவுக்கான கடைசி தேதியை சுத்தி வட்டம் போட்டு காலண்டர்ல மாட்டுங்க, டிக்கெட் அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே இருக்கற மாதிரி எடுங்க.